ருமேனியப் பணத்தாள்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலிமர் எனப்படும் நெகிழியால் ஆன பணத்தாள்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையில் ருமேனியாவின் பெயரே இடம்பெறாதது எனக்கு வருத்தமளிக்கிறது. தன் பணத்தாள்கள் அனைத்தையும் பாலிமருக்கு மாற்றிய முதல் ஐரோப்பிய நாடு அதுதான். 1999 ஆகஸ்ட் 11 அன்று அந்நாட்டின் மீது நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை நினைவுகூர்ந்து வெளியிடப்பட்ட 2000 லெய் தாளே அதன் தொடக்கம். ஒருபுறம் சூரியக் குடும்பமும் மறுபுறம் கிரகணம் கடந்த பாதையைக் காட்டும் நாட்டு வரைபடமும் கொண்ட அத்தாளின் அழகு இன்றும் குறையவில்லை.

1867இல் பிறந்த லெய் நாணயம் பணவீக்கத்தால் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1947இல் 50 லட்சம் லெய் மதிப்புள்ள தாளே அச்சாயிற்று. 2005 ஜூலை 1 அன்று 10,000 பழைய லெய்க்கு ஒரு புதிய லெய் என்று கணக்கு மாறியபோது, புதிய தாள்களின் அளவுகள் யூரோ தாள்களை ஒட்டி வகுக்கப்பட்டன.

அத்தாள்களில் அரசியல் தலைவர்களைவிடக் கலைஞர்களுக்கும் அறிஞர்களுக்குமே முதலிடம் என்பதை நான் பெரிதும் மதிக்கிறேன். 5 லெய் தாளில் இசையமைப்பாளர் ஜார்ஜே எனெஸ்கு, 100இல் நாடகாசிரியர் கராஜியாலே, 500இல் கவிஞர் எமினெஸ்கு இருக்கிறார்கள். 50 லெய் தாளில் விமான முன்னோடி ஔரெல் விலாய்க்குவுக்கு அருகே எடல்வைஸ் மலர் பூத்திருக்கிறது. பின்புறம் அவர் வடிவமைத்த விமானம். முதல் உலகப்போரில் உயிர்நீத்த வீராங்கனை எகாதெரினா தெயோடோரோயுவுக்கு 2021இல்தான், 20 லெய் தாளில், இடம் கிடைத்தது.

இவ்விவரங்களைத் தனிக் கட்டுரையாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாணயச் சேகரிப்பில் ஈடுபாடுள்ள வாசகர்