மழை என்று பயணத்தை ரத்து செய்ய வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம். குளிர்காலத்தில் ஒரு நகரத்தைச் சுற்றிப் பார்க்க டிக்கெட் போட்டுவிட்டு, வானிலை அறிக்கையில் மழை என்றதும் ரத்து செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. சாயங்காலம்தான் விசேஷமே! சீக்கிரம் இருட்டிவிடும், தார்ச்சாலையின் சொரசொரப்பைத் தண்ணீர் நிரப்பிவிடுவதால் தெருவிளக்கும் சிக்னலின் சிவப்பும் கண்ணாடியில் விழுந்தமாதிரி தரையில் நீண்டு கிடக்கும், வெயில் நாளில் இது கிடைக்கவே கிடைக்காது.

மழை பிடித்ததும் எல்லோரும் அருங்காட்சியகத்துக்குத்தான் ஓடுவார்கள், அதனால் அங்கே திறக்கும் நேரத்திலேயே போய்விடுங்கள்.

உடையில் கவனம் வேண்டும். ஜீன்ஸ் நனைந்தால் குளிரும், லேசில் காயாது; கம்பளி ஈரத்திலும் ஓரளவு கதகதப்பு தரும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே காற்று குடையைத் திருப்பிப் போட்டுவிடும், தலைமூடி வைத்த மழைக்கோட்டுதான் சரி. அப்புறம், நனைந்த ஷூவை ஹீட்டரில் வாட்டாமல் உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வையுங்கள், ஈரத்தை இழுத்துக்கொள்ளும், தாள் நனைந்ததும் மாற்ற வேண்டும்.

உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் வெயில் படங்களாகவே வருகின்றன. மழையில் நனைந்த நகரங்களுக்கும் ஒரு வாரம் இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்