ஒற்றை வரியில் முடிந்துபோன ஸ்டீராய்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

கண் நோய்களுக்கான மரபணு சிகிச்சை பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். பார்வைக்குத் தேவையான ஆர்.பி.இ.65 என்ற மரபணு கெட்டுப்போனால், அதற்கு ஈடாக நல்ல பிரதி ஒன்றை வைரஸில் ஏற்றி, விழித்திரைக்கு அடியில் ஊசியால் விடுவதைக் கட்டுரையாளர் நன்றாகவே விளக்கியிருந்தார். ஒரு குறை மட்டும் உறுத்தியது. "இத்துடன் சில ஸ்டீராய்டு மாத்திரைகளும் தரப்படும்" என்று அழற்சியை அடக்கும் அந்த மருந்தின் விஷயத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

எனக்கு யுவியைட்டிஸ். நம்முடைய நோய் எதிர்ப்பு அணுக்களே கண்ணுக்குள் புகுந்து அழற்சியைக் கிளப்பும் நோய் அது. 9 ஆண்டுகளாக ஸ்டீராய்டு சொட்டு, மாத்திரை, நடுவில் நோய் எதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. மரபணு சிகிச்சை எனக்குத் தேவைப்படாது. ஆனால் அந்த ஒரு வரியில் அடங்கியிருப்பதை நான் தினமும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கியவள். அதனால்தான் எழுதுகிறேன்.

மரபணுவைச் சுமந்து போவது ஏ.ஏ.வி. என்ற வைரஸ். நோய் எதையும் உண்டாக்காத சாது. அதன் சொந்தச் சரக்கையும் எடுத்துவிட்டுத்தான் மரபணுவை ஏற்றுகிறார்கள். இருந்தாலும் வைரஸ் வைரஸ்தானே? அதன் மேலோட்டை உடம்பு அடையாளம் கண்டுகொள்ளும். உள்ளே இருக்கும் டி.என்.ஏ.வை மோப்பம் பிடிக்க டி.எல்.ஆர்.9 என்று ஒரு புரதம் காத்திருக்கிறது. போதாததற்கு, நம்மில் பலர் இந்த வகை வைரஸ்களைச் சிறு வயதிலேயே நமக்குத் தெரியாமல் சந்தித்திருப்போம். ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா நோய்க்கு இதே வைரஸ் வழியாக மரபணுவை ஏற்றி, 2006இல் வெளியான ஆய்வு ஒன்றில், கல்லீரலில் மரபணு வேலை செய்யத் தொடங்கிய சில வாரங்களில் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள், வைரஸின் மேலோட்டைத் தாங்கிய கல்லீரல் செல்களைத் தாக்க, பலன் கரைந்துபோனது. 2011இல் வெளியான அடுத்த ஆய்வில் குறுகிய காலம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து அந்தத் தாக்குதலை அடக்கினார்கள். ஏற்றிய மரபணு நிலைப்பதும் நிலைக்காததும் சில நேரம் இந்த மாத்திரையின் கையில் இருக்கிறது.

"கண் தனிச்சலுகை பெற்ற உறுப்பு, அங்கே எதிர்ப்பு குறைவு" என்று கட்டுரையில் இருந்தது. 1940களில் நோய் எதிர்ப்பு ஆய்வாளர் பீட்டர் மெடாவர் விளக்கிய கருத்து அது. சரிதான், ஆனால் பாதிதான் சரி. எதிர்ப்பு முழுக்க இல்லாத இடமாகக் கண் இருந்தால் எனக்கு இந்த நோயே வந்திருக்காது! மருந்தைக் கண்ணுக்குள் எங்கே விடுகிறார்கள் என்பதும் முக்கியம். விழித்திரைக்கு அடியில் விட்டால் ஓரளவு மறைவான இடம். நடுவில் இருக்கும் விட்ரியஸ் ஜெல்லிக்குள் விடுவது ஊசி போடுகிறவருக்குச் சுலபம். அழற்சி அங்கேதான் கூடுதல்.

இந்த அழற்சி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சம்பவம். சர்க்கரை நோயால் விழித்திரை வீங்கியவர்களுக்கு விட்ரியஸ் வழியாக மரபணு சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்டீராய்டு சொட்டு போட்டும், அதிக டோஸ் பெற்றவர்களில் சிலருக்குக் கண் முழுவதும் அழற்சி பரவி, கண்ணழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கி, பார்வையும் குறைந்தது. 2021இல் அந்த நோய்க்கான முயற்சியை நிறுவனமே கைவிட்டது. ஸ்டீராய்டு போட்டால் கண்ணழுத்தம் ஏறும் என்றுதான் எங்களைப் போன்றவர்கள் பயப்படுவோம். இறங்குவது அதைவிட மோசமான சேதி. கண்ணுக்குள் அழுத்தத்தைத் தாங்கும் திரவத்தைச் சுரக்கும் பகுதியே அடிபட்டிருக்கலாம் என்று அர்த்தம்.

கட்டுரையில் வந்த ஆர்.பி.இ.65 சிகிச்சை மருந்தான லக்ஸ்டர்னாவுக்கு, 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோதே ஸ்டீராய்டு அட்டவணையும் கூடவே வந்துவிட்டது. ஊசிக்கு 3 நாள் முன்பே மாத்திரை தொடங்க வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம், நாளுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. இப்படி 7 நாள். அப்புறம் 10 நாளில் படிப்படியாகக் குறைப்பு. இரண்டாவது கண்ணுக்குக் குறைந்தது 6 நாள் இடைவெளி வேண்டும். முதல் கண்ணுக்கான குறைப்பு முடிவதற்குள் அடுத்த கண்ணின் முறை வந்துவிட்டால், பழைய கணக்கை விட்டுவிட்டுப் புதிய கணக்குக்கு மாற வேண்டும். ஒரு குழந்தையின் அம்மாவுக்கு இது எவ்வளவு குழப்பம் என்று யோசித்துப் பாருங்கள். அந்த டோஸில் தூக்கம் கெடும், பசி பேயாய் எடுக்கும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். முன்கூட்டிச் சொல்லியிருந்தால் பிள்ளையைத் திட்டாமலாவது இருப்பார்கள்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. 17 நாள் மாத்திரையும் என்னுடைய 9 ஆண்டும் ஒன்றாகாது. எனக்குக் கண்புரை வந்ததும் சர்க்கரை ஏறியதும் நீண்ட காலப் பயன்பாட்டால். ஆனால் ஏற்கனவே சர்க்கரை இருப்பவர், எப்போதோ காசநோய் வந்துபோனவர், உயிருள்ள கிருமித் தடுப்பூசி போட வேண்டிய குழந்தை என்று ஒவ்வொருவருக்கும் அந்த 17 நாளே வேறு கணக்கு.

ஸ்டீராய்டைத் தாண்டியும் யோசிக்கிறார்கள். மைக்கோஃபினோலேட், டாக்ரோலிமஸ் போன்ற, உறுப்பு மாற்று சிகிச்சையில் பழகிய மருந்துகள் பேச்சில் இருக்கின்றன. டி.எல்.ஆர்.9ஐ ஏமாற்றும் சிறு துண்டு ஒன்றை வைரஸின் டி.என்.ஏ.விலேயே கோத்துப் பார்த்த ஆய்வு 2021இல் வந்தது. விட்ரியஸுக்குள் விட்டபோது குரங்குகளில் அழற்சி தள்ளிப்போனது, வராமல் போகவில்லை. இன்னொன்று எனக்குச் சிரிப்பையே வரவழைத்தது. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயினைச் சேர்த்தால் எலியின் விழித்திரையில் மரபணு இன்னும் நன்றாக ஏறுகிறதாம். நீண்ட நாள் சாப்பிட்டால் விழித்திரையையே கெடுத்துவிடும் என்று கண் மருத்துவர்கள் ஆண்டுதோறும் பரிசோதிக்கச் சொல்லும் அதே மாத்திரை!

இந்தத் தொடரில் அடுத்த கட்டுரை வருமானால், மரபணு நிபுணரோடு யுவியைட்டிஸ் மருத்துவர் ஒருவரிடமும் பேசிவிட்டு எழுதச் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்திய பிறகு எத்தனை மாதம் கண்ணைத் தொடர்ந்து பார்க்கிறார்கள் என்று அவரிடம் கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள். எனக்கு அழற்சி மூன்று முறை திரும்பியிருக்கிறது. மூன்று முறையும் மாத்திரை நின்று, "இனி கவலையில்லை" என்று நான் சோதனைக்குப் போகாமல் விட்ட நாட்களில்தான்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி