ஓய்வில்லாமல் ஓடிய கம்ப்ரசர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. "உயிரோடுதான் இருக்கிறாயா?" என்று நீ அடுத்ததைப் போடுவதற்குள் நான் முந்திக்கொள்கிறேன்.

கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. அலமாரியில் இருக்கும் உன் பழைய மாடல் விமானங்களெல்லாம் திடீரென்று நீலம் பாரித்துத் தெரிகின்றன என்று எழுதியிருந்தாயே, சிரித்துவிட்டேன். அவை நிறம் மாறவில்லையடா. இத்தனை வருஷமாக மஞ்சளித்துப்போன லென்ஸ் வழியாகப் பார்த்துப் பார்த்து, நீலம் போதாது போதாது என்று கூட்டியிருக்கிறாய். தயவுசெய்து எதையும் திரும்பப் பூசாதே. எனக்கு அவை அப்படியேதான் பிடிக்கும்.

நான் செய்துகொண்டிருந்த ஜெர்மன் போர் விமான மாடல், மெஸ்ஸர்ஷ்மிட் 109, என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். ஒட்டும் வேலை, இடைவெளி அடைக்கும் வேலை எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. பக்கவாட்டில் ஆர்எல்எம் (ஜெர்மன் விமான அமைச்சகத்தின் நிற எண்) 76 வெளிர்நீலத்தின் மேல் 75 சாம்பலை மேகத் திட்டுகளாகத் தெளிப்பதில்தான் மாட்டிக்கொண்டேன். 72-ல் ஒரு பங்கு அளவு மாடலில் ஒவ்வொரு திட்டும் மிளகை விடச் சிறிதாக விழ வேண்டும். எனக்கு விழுந்ததோ துப்பல். இரண்டு திட்டு ஒழுங்காக வரும், மூன்றாவதில் 'பச்சக்' என்று ஒரு சொட்டு.

முதலில் பெயிண்டைத் திட்டினேன். இன்னும் நீர்க்கக் கலந்தேன், வடிகட்டினேன். அப்புறம், கம்ப்ரசர் அனுப்பும் காற்றால் பெயிண்டைத் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷைத் திட்டினேன். நீடிலை உருவி, பெயிண்ட் வெளியே வரும் முனையான நாசிலைக் கழற்றி ஊறவைத்து, கடைசியில் புது நாசிலே வாங்கிப் போட்டேன். பெயிண்ட் ஊற்றும் கோப்பைக்குள் குமிழி வந்திருந்தால் நாசில் சரியாக உட்காரவில்லை என்று சந்தேகப்படலாம். அதுவும் வரவில்லை. வெறும் தண்ணீரை ஊற்றி, கறுப்பு அட்டையில் தெளித்துப் பார்த்தேன். அப்போதும் துப்பியது. கோப்பையைக் காலி செய்துவிட்டுக் காற்றை மட்டும் அட்டையில் அடித்தேன். அப்போதும் துளித்துளியாக ஈரம்! தண்ணீர் ஹோஸ் வழியாக வருகிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

காற்றிலுள்ள ஈரத்தைப் பிடிக்க மாய்ஸ்சர் ட்ராப் இருக்கும்போது அதைத் தாண்டி எப்படி வரும்? கம்ப்ரசரின் தலைப்பகுதியைத் தொட்டுப் பார்த்தேன், கையை வைக்க முடியவில்லை. அதுதான் காரணம். காற்றை அமுக்கினால் சூடாகும், சூட்டில் ஈரம் ஆவியாகவே இருக்கும். டேங்கில் ஆற நேரம் கிடைத்தால் அங்கேயே தண்ணீராகி அடியில் தங்கிவிடும். கம்ப்ரசர் நிற்காமல் ஓடினால் காற்று ஆறாமல் ட்ராப்பையும் கடந்து, ஹோஸில் போய்த்தான் குளிரும். அங்கே திரண்ட தண்ணீர்தான் விமானத்தின் மேல் சொட்டியது.

ஏன் நிற்காமல் ஓடுகிறது என்று பார்த்தேன். என்னுடையது 3 லிட்டர் டேங்க் வைத்த, எண்ணெய் இல்லாத சின்ன பிஸ்டன் மெஷின் என்பது உனக்குத் தெரியும். 4 பாரில் (பார் என்பது அழுத்த அளவு) தானாக நிற்கும், 3 பாருக்கு இறங்கினால் திரும்ப ஓடும். ஏர்பிரஷ்ஷுக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை முழுக்க மூடிவிட்டு, காலி டேங்க் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தேன். புதிதில் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் என்று அதன் கையேட்டின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருந்தேன் (நான் வாழ்க்கையில் செய்த ஒரே உருப்படியான குறிப்பு). இப்போது ஏழு நிமிடம் ஓடியும் முள் 3.2-ஐத் தாண்டவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ராத்திரி முழுக்க அப்படியே விட்டேன். காலையில் முள் அதே இடத்தில். டேங்கிலும், காற்று பம்புக்குத் திரும்பாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்விலும் கசிவில்லை, பம்ப்தான் போயிருக்கிறது என்று முடிவு கட்டினேன். அதில் பாதிதான் சரி.

தலையைத் திறந்தேன். பிஸ்டன் உச்சியில் இருக்கும் டெஃப்லான் கப், விளிம்பெல்லாம் பிய்ந்து கிடந்தது. சிலிண்டர் சுவரில் சாம்பல் நிறத் தூள், நீளவாக்கில் கீறல்கள். புதுக் கப் போட்டேன். மூன்று வாரம் ராஜாவாக ஓடியது. அப்புறம் ஒரு நாள் சுவிட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்று உறுமுகிறதே தவிரச் சுற்றவில்லை. ஒரு நிமிடத்தில் உறுமலும் அடங்கியது, சூட்டுப் பாதுகாப்பு வெட்டிவிட்டது.

இது உனக்கும் ஒரு நாள் வரும், அதனால் சொல்கிறேன். மோட்டார் நிற்கும்போது 'உஸ்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்க வேண்டும். பிஸ்டனுக்கும் நான் ரிட்டர்ன் வால்வுக்கும் இடையில் சிக்கிய காற்றைப் பிரஷர் சுவிட்ச் வெளியே விடும் சத்தம் அது. அந்தக் காற்று வெளியேறாவிட்டால் அடுத்த முறை மோட்டார் அந்த அழுத்தத்தை எதிர்த்தே கிளம்ப வேண்டியிருக்கும், பாவம், முடியாது. அந்த 'உஸ்' ஒரே தடவையாக வராமல் நீண்டுகொண்டே போனால் நான் ரிட்டர்ன் வால்வு பிடிக்கவில்லை, டேங்க் காற்று பின்வழியாகப் போகிறது என்று அர்த்தம். என்னுடையதில் 'உஸ்' சரியாகத்தான் வந்துகொண்டிருந்தது. டேங்கைக் காலி செய்துவிட்டுப் போட்டாலும் உறுமல்தான். ஆகவே கோளாறு, மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டரில்தான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், நீ அதில் கை வைக்காதே. நான் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து, அதே மைக்ரோஃபாரட் அளவில் மாற்றினேன். ஓடியது. பத்து நாளில் மோட்டாரிலிருந்து கருகல் வாடை. சரி, போதும், விட்டுவிடலாம் என்று தோன்றிவிட்டது.

புதிதாக எதை வாங்குவது என்று ஒரு வாரம் யோசித்தேன். உன்னுடையதைப் போல, ஃபிரிட்ஜில் இருக்கும் கம்ப்ரசர் வகை வாங்க ஆசைதான். பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம், அவ்வளவு அமைதி. ஆனால் எண்ணெய் பார்க்க வேண்டும், சாய்க்கக் கூடாது, நானோ வாரத்துக்கு ஒரு தடவை மேஜையை இடம் மாற்றுகிறவன். டேங்க் இல்லாத சின்னதும் வேண்டாம். பிஸ்டனின் துடிப்பு, தெளிக்கும் கோட்டில் தெரியும். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 'நிமிடத்துக்கு இத்தனை லிட்டர்' என்பதையும் நான் நம்புவதில்லை. பெரும்பாலும் அது எதிர்ப்பழுத்தம் இல்லாதபோது தருவது, 3 பாரில் அதைவிடக் குறையும். கடைசியில் பழையதைப் போலவே ஒன்று, கூடுதலாகத் தலைக்குக் காற்றாடி வைத்தது. ஹோஸும் ரெகுலேட்டரும் பழையவையே. அங்கேதான் வேடிக்கை.

புது மெஷினைப் பொருத்தி, ரெகுலேட்டரில் 20 பிஎஸ்ஐ (சுமார் 1.4 பார்) வைத்து, ஏர்பிரஷ்ஷைத் தாங்கியில் மாட்டிவிட்டு பெயிண்ட் கலந்துகொண்டிருந்தேன். மோட்டார் கிளம்பியது, நின்றது. ஒரு நிமிடம் கழித்துத் திரும்பக் கிளம்பியது. நான் இன்னும் டிரிகரையே தொடவில்லை! டேங்க் 3 லிட்டர், 4 பாரிலிருந்து 3-க்கு இறங்குகிறதென்றால், வெளிக்காற்றின் அழுத்தக் கணக்கில் 3 லிட்டர் காற்று போயிருக்கிறது. நிமிடத்துக்கு 3 லிட்டர் எங்கே போகிறது? சோப்பு நுரையைக் கரைத்து, பிரஷ்ஷால் இணைப்பு இணைப்பாகத் தடவினேன். ஏர்பிரஷ்ஷின் கழுத்தில், சட்டென்று கழற்றி மாட்டும் இணைப்பில், வெள்ளைத் தாடி முளைத்தது. உள்ளே இருந்த ஓ-ரிங் (ரப்பர் வளையம்) நசுங்கித் தட்டையாகிக் கிடந்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் போடும் இரைச்சலில் அந்தக் கசிவு என் காதில் விழவே இல்லை.

பழையதும் இப்படித்தான் தட்டித் தட்டி ஓடிக்கொண்டிருந்தது, அதன் குணம் என்று நினைத்துவிட்டேன். நான் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மணிக்கு நாற்பது, ஐம்பது தடவை கிளம்பினால் எந்த மோட்டார் தாங்கும்? கிளம்பும் ஒவ்வொரு தடவையும் கெப்பாசிட்டருக்கு அடி, ஓடும் ஒவ்வொரு நிமிடமும் கப்புக்குத் தேய்மானம். ரெகுலேட்டரை மூடிச் சோதித்தேன் என்று பெருமையாகச் சொன்னேனே, அதனால்தான் அதற்கு அப்பால் இருந்த கசிவு அப்போது மாட்டவே இல்லை. புது ஓ-ரிங் போட்டேன். இப்போது ஒரு மணி நேரம் சும்மா இருந்தாலும் மோட்டார் வாயைத் திறப்பதில்லை.

109 முடிந்துவிட்டது. 12 பிஎஸ்ஐ, அதுவும் டிரிகரை அமுக்கிக்கொண்டே கேஜைப் பார்த்து வைத்த 12. சும்மா இருக்கும்போது வைத்தால் அமுக்கியதும் இறங்கிவிடும். மிளகு அளவுக்கு வரவில்லை, கொத்துக்கடலை அளவுக்கு வந்திருக்கிறது. உன் புதுக் கண்ணுக்குக் காட்டாமல் இருப்பது நல்லது.

உன் ஃபிரிட்ஜ் கம்ப்ரசருக்கு டேங்காக ஒரு பழைய தீயணைப்பான் உருளையைப் பொருத்தினாயே, அதன் அடியில் தண்ணீர் வடிக்க ஒரு திருகு வைத்தாய் என்று ஞாபகம். அதைக் கடைசியாக எப்போது திறந்தாய்? காற்றை முக்கால்வாசி இறக்கிவிட்டு, கீழே வெள்ளைக் கிண்ணம் வைத்து, மெதுவாகத் திற. தெளிவாக வந்தால் சரி. காவி நிறத்தில் வந்தால் உள்ளே துரு தின்றுகொண்டிருக்கிறது. அப்படியானால் பற்றவைக்கிறேன், ஒட்டுப் போடுகிறேன் என்று எதுவும் செய்யாதே. அந்த டேங்கைத் தூக்கிப் போட்டுவிடு. என்ன நிறத்தில் வந்தது என்று உடனே எழுது. இந்தத் தடவை பதில் போட இரண்டு மாதம் ஆக்கமாட்டேன்.

அன்புடன்,
முரளி