தணல்குருவி

ஸ்கார்பரோ
மே 11

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு முழுக்கத் தெற்குக் காற்று. விடியப்புறம் மழை தூறியது. இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு அப்பாவையும் எழுப்பிக்கொண்டு ரூஜ் பூங்காவுக்குப் போனேன்.

கதிர்குருவிகள் வந்து இறங்கியிருந்தன, பிள்ளை. இரவிரவாக ஒன்ராறியோ ஏரியைக் கடந்து வந்த களை. ஓக் மரங்கள் பூத்துத் தொங்குகிற நேரம் அல்லவா, பூவுக்குள் இருக்கிற புழுக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. கறுப்புத்தொண்டைப் பச்சைக் கதிர்குருவி 'சீ சீ சீ சூ சீ' என்றது. கீழே சருகுக்குள்ளிருந்து ஓவன்பேர்ட், 'டீச்சர், டீச்சர், டீச்சர்' என்று வரவரச் சத்தத்தைக் கூட்டியது. நாலாம் வகுப்பில் நீ அதற்குப் பதில் கொடுப்பாய்.

தணல்குருவி மட்டும் எனக்குக் கேட்கவில்லை.

பாட்டைக் கேட்டுக் குருவியின் பெயரைச் சொல்கிற மெர்லின் செயலியை ஃபோனில் ஓடவிட்டிருந்தேன். பிளாக்பேர்னியன் என்ற அதன் ஆங்கிலப் பெயர் திரையில் திரும்பத் திரும்ப ஒளிர்ந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஒன்றுமில்லை. அதன் பாட்டு மேலே மேலே போய் ஊசிமுனைபோல முடியுமே, வயது போகப்போகக் காதை விட்டு முதலில் போவது அந்த உயர்ந்த சுரங்கள்தானாம். அப்பாவுக்கும் கேட்கவில்லை. ஃபோன் பெயரைச் சொல்கிறது, எந்தக் கிளை என்று சொல்வதில்லை. நீ என் கையைப் பிடித்துத் திருப்பி, 'அந்தா, அம்மா, அந்தக் கவரில்' என்று காட்டுவாயே, அதைத்தான் நினைத்தேன்.

பொயின்ட் பீலியில் தணல்குருவி என்று அதற்குப் பேரை வைத்தது நீதான். உனக்கு அப்போது பதினொரு வயது. ஈரி ஏரியைத் தாண்டிய களைப்பில், உச்சிமரத்தை விட்டு நம் முகத்துக்கு நேரே ஒரு செடியில் வந்து இருந்தது. தொண்டை முழுக்கத் தணல். இரண்டு தேக்கரண்டிச் சீனியின் நிறைதான் இருக்கும். அன்டீஸ் மலைக் காடுகளில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, கூடு கட்ட நம்முடைய வடக்குக் காடுகளுக்குப் போகிற வழியில் நம் முன்னால் நின்றது. அன்று நீ அழுதாய். ஏன் என்று நான் கேட்கவில்லை, எனக்கும் அழுகை வந்தது.

இன்னொன்று. நீ இருப்பது பதினெட்டாம் மாடி. இந்த மாதம் முடியும்வரை இரவில் யன்னல் திரையை இழுத்துவிட்டு விளக்கை அணை. வெளிச்சத்துக்கு இழுபட்டு வந்து கண்ணாடியில் அடிபட்டுச் செத்த குருவியை நான் கையில் ஏந்தியிருக்கிறேன். சூடு ஆறாமல் இருந்தது.

மொன்றியலிலிருந்து ரயிலில் ஐந்தாறு மணித்தியாலம்தானே. வேலை எப்படி என்று எனக்குத் தெரியும், ஆனாலும் கேட்கிறேன்: வருகிற சனி ஞாயிறு வா. மே கடைசிக்குள் இவை போய்விடும். உன் பழைய பைனாகுலரின் பட்டி அறுந்து கிடந்தது, புதிதாக மாற்றி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா