ஜெர்மானாவில் ஒரு பலகை

அன்புள்ள செல்வம்,

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கு நீ திட்டுவாய், திட்டு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக உன் தங்கை சொன்னாள், நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் கல்பெப்பரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவளைப் பார்க்க ஃபிரெடரிக்ஸ்பர்க்கிலிருந்து போகும் சாலையில், ரேபிடான் ஆற்றுப் பக்கம் ஒரு பலகை நிற்கிறது. இந்த வர்ஜீனியா மாநிலத்தில் 1927 முதல் சாலையோரம் நட்டு வருகிறார்களே, அதே வெள்ளி நிறத் தகடு, கறுப்பு எழுத்து. பழனிக்குப் போகும்போது கல்வெட்டைப் பார்க்க வண்டியை நிறுத்தச் சொல்லி டிரைவரோடு நீ போட்ட சண்டை ஞாபகம் வந்தது. உன் வியாதி எனக்கும் தொற்றிவிட்டதடா, வண்டியை நிறுத்திவிட்டேன்.

1714-இல் கவர்னர் அலெக்ஸாண்டர் ஸ்பாட்ஸ்வுட் ஜெர்மன்காரர்களைக் குடியேற்றிய ஊர், ஜெர்மானா. பலகையைப் படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் கதையைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டே இருக்கிறேன், விட முடியவில்லை.

வந்தவர்கள் 42 பேர். ஜெர்மனியின் சீகன் ஊர்ப் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பங்களும். வெள்ளி தோண்டலாம் என்ற நம்பிக்கையில் கிளம்பியவர்களை ஆங்கிலேயர் குடியிருப்புகளுக்கெல்லாம் அப்பால், காட்டின் விளிம்பில் கொண்டுபோய் வைத்தார் ஸ்பாட்ஸ்வுட். ஒரு கோட்டை, இரண்டு பீரங்கி, கொஞ்சம் வெடிமருந்து, கூடவே வரிவிலக்கு. எதற்கு இந்தச் சலுகை? யாராவது தாக்க வந்தால் முதலில் இவர்கள் மேல் விழட்டும் என்பதற்குத்தான். பிள்ளைகுட்டிகளோடு வந்தவர்களை வேலியாக நட்டுவிட்டார்கள், செல்வம். இதை நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை.

1715 நவம்பரில் ஜான் ஃபோன்டெய்ன் என்ற பயணி அங்கே போய் எழுதிய நாட்குறிப்பு இருக்கிறது. ஐந்து பக்கமும் மரக்கம்பங்களை நெருக்கமாக நட்ட கோட்டை. ஒன்பது குடும்பம், ஒரே வரிசையில் ஒன்பது வீடு. வீட்டுக்கு எதிரே பன்றிக்கும் கோழிக்கும் கொட்டகைகள், நடுவில் அதுவே தெருவாம்! மையத்தில் காவல் வீடு, அதுவே பிரார்த்தனைக் கூடமும். ஆபத்து வந்தால் ஓடி ஒளியும் இடத்திலேயே தினமும் கூடிப் பாடியிருக்கிறார்கள். பாஷை புரியாவிட்டாலும் அவர்கள் பாடுவது அவருக்குப் பிடித்திருந்தது. பாதிரியார் வீட்டில் சாப்பிட ஒன்றுமில்லை. ஃபோன்டெய்னும் கூடவந்தவர்களும் கொண்டுபோனதைத் தின்றுவிட்டு வைக்கோலில் படுத்தார்கள். பிறகு கூடவந்தவர்களோடு சேர்ந்து முப்பது ஷில்லிங் போலத் திரட்டிப் பாதிரியாருக்குக் கொடுத்திருக்கிறார். எவ்வளவு பெரிய மனசு, பார்.

மறு வருஷமே ஸ்பாட்ஸ்வுட் அங்கிருந்துதான் குதிரைப் பட்டாளத்தோடு கிளம்பி, ப்ளூ ரிட்ஜ் என்ற மலைத் தொடரைத் தாண்டிப்போய்ப் புகழ் வாங்கினார். அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள், விடு.

1717-இல் வந்த இரண்டாவது கூட்டம் இன்னும் பாவம். பென்சில்வேனியாவுக்குப் போக நினைத்தவர்கள், கப்பல் வர்ஜீனியாவில் இறக்கிவிட்டது. பயணக்கடனுக்காக ஸ்பாட்ஸ்வுட்டிடம் கட்டுப்பட்டு உழைத்தார்கள். பின்னால் அவர்கள் மேலேயே வழக்கும் போட்டார் மனிதர். அவர்கள் விடுபட்டு ராபின்சன் ஆற்றோரம் போய், 1740-இல் ஹெப்ரான் தேவாலயத்தைக் கட்டினார்கள். இன்றும் அங்கே வழிபாடு நடக்கிறது. அடுத்த மாதம் போகப்போகிறேன்.

இன்னொன்று. அந்தக் காடு யாருமில்லாத காடு அல்ல. அது மனஹோவாக் என்ற பூர்வகுடி மக்களின் பூமி. 1608-இல் ஆங்கிலேயர் ஜான் ஸ்மித் அவர்களைச் சந்தித்திருக்கிறார், ஜெர்மானா எழுவதற்குள் அவர்கள் அங்கே இல்லாமல் போய்விட்டார்கள். ஸ்பாட்ஸ்வுட்டின் இரும்பு உலையில் வெந்து உழைத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். ஜெர்மன்காரர்களின் வம்சத்தார் சங்கம் வைத்து முன்னோர் பெயரை ஒவ்வொன்றாகத் தேடி வைத்திருக்கிறார்கள், நல்ல காரியம். உலையில் வெந்தவர்களின் பெயரை அப்படி யார் தேடுவது? ரோட்டில் போகிறவன் அறிய அவர்களுக்கும் அதே ஆற்றோரம் பலகை நிற்கவேண்டும் என்று எனக்கு வெறியாக இருக்கிறது.

வருஷக்கணக்காகக் கல்வெட்டோடு மல்லுக்கட்டுகிறவன் நீ. நீ என்ன நினைக்கிறாய்? ஃபோன்டெய்ன் நாட்குறிப்பின் அந்தப் பக்கங்களைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். படித்துவிட்டு ஒருவரியில் பதில் போடாதே, விவரமாக எழுது. அம்மாவுக்கு என் வணக்கம். சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல்.

அன்புடன்,
ரவி