மூணாவது தடவைன்னா ஆயுள் தண்டனையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செயின் பறிப்பு பத்தி போன இதழ்ல வந்த கட்டுரை படிச்சேன். மூணு தடவை தண்டனை ஆனவனுக்கு ஜட்ஜ் யோசிக்கவே வேணாம், கட்டாயம் ஆயுள்னு சட்டம் போடணும்னு கட்டுரையாளர் எழுதியிருக்காரு. கோவம் நியாயம்தான், என் மச்சினிச்சியே தாலிக்கொடிய பறிகொடுத்தவ, கழுத்துல தழும்பு இன்னும் போகல. ஆனா நான் 26 வருசம் கோர்ட் கிளார்க்கா குப்பை கொட்டினவன், அந்த மூணு தடவை எப்படி ஆகுதுன்னு பக்கத்துல இருந்து பாத்திருக்கேன்.

சின்ன திருட்டு கேஸ்ல ஒருத்தன ரிமாண்ட் பண்ணுவாங்க, அதாவது தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே ஜெயில்ல வைப்பாங்க. ஜாமீன் கெடச்சாலும் கையெழுத்து போட ஆள் இருக்காது, நாலு மாசம் அஞ்சு மாசம் உள்ளேயே கெடப்பான், அப்புறம் ஒரு வாய்தாவுக்கு கூட்டிட்டு வரும்போது "ஒத்துக்குறேன் ஐயா"ன்னுடுவான், ஏன்னா உள்ள இருந்த நாளையே தண்டனையா கழிச்சு விட்டுட்டா சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம். நெசமாவே எடுத்தானாங்குறது அவனுக்கும் ஸ்டேஷனுக்கும்தான் வெளிச்சம். ரெக்கார்டுல அது ஒரு தண்டனை, அவ்ளோதான். அவர் சொல்ற சட்டம் வந்தா எவனும் ஒத்துக்க மாட்டான், அத்தனை கேஸும் விசாரணைக்கு நிக்கும், இப்பவே கேஸ் கட்டு வைக்க அலமாரி பத்தல.

அமெரிக்காவுல கலிபோர்னியாக்காரங்க 1994லயே இத செஞ்சு பாத்துட்டாங்க. பழைய குற்றம் இருந்த ஒருத்தர் மூணு கோல்ஃப் மட்டைய பேன்ட்டுக்குள்ள சொருகிட்டு நொண்டி நொண்டி வெளிய வந்தாரு, அவருக்கு ஆயுள் தண்டனை, குறைஞ்சது 25 வருசம் உள்ள இருந்தே ஆகணும். இன்னொருத்தர் திருடினது ஒம்போது வீடியோ கேசட், மொத்தம் 150 டாலர் சொச்சம், அவருக்கு குறைஞ்சது 50 வருசம்! 2003ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டும் ரெண்டு தண்டனையுமே செல்லும்னுடுச்சு, அஞ்சு ஜட்ஜுக்கு நாலு ஜட்ஜுன்னு. கடைசில 2012ல ஜனங்களே ஓட்டு போட்டு, மூணாவது குற்றமும் பெருசா இருந்தாத்தான் ஆயுள்னு மாத்துனாங்க (சில விதிவிலக்கு உண்டு).

நம்மூர்லயும் இருந்துச்சுங்க. ஆயுள் கைதி கொலை பண்ணா தூக்கு மட்டும்தான்னு பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல (ஐபிசி) 303ஆம் பிரிவு. ஜட்ஜ் கைய கட்டிப்போட்டு தண்டனை கொடுக்க சொல்றது சரியில்லன்னு நம்ம சுப்ரீம் கோர்ட் 1983லயே அத தூக்கி எறிஞ்சாச்சு.

சட்டம் இல்லாமயும் இல்ல. பழைய ஐபிசி 75ஆம் பிரிவு, இப்போ அதுக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா (பிஎன்எஸ்) 13ஆம் பிரிவு, மூணு வருசமோ அதுக்கு மேலயோ தண்டனை உள்ள திருட்டு வகையறாவுல ஏற்கெனவே தண்டனை ஆனவன் திரும்ப அதே மாதிரி பண்ணா பத்து வருசமோ ஆயுளோ கூட கொடுக்கலாம். கொடுக்கலாம், கொடுத்தே ஆகணும்னு இல்ல, அதான் வித்தியாசம். ஆனா அதுக்கு பழைய தீர்ப்போட நகல வாங்கி சேர்த்து நிரூபிக்கணும், அந்தக் காகிதமே இல்லாம வந்த குற்றப்பத்திரிகை எத்தனைய நான் நம்பர் போட்டு வாங்கியிருக்கேன் தெரியுமா. அது ஏன் வர்றதில்லன்னு அடுத்த இதழ்ல அந்தக் கட்டுரையாளரையே விசாரிச்சு எழுத சொல்லுங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கோர்ட் கிளார்க், திண்டுக்கல்