குளத்து மரங்களை வெட்டுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் 1994-இல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2022-இல் ராம்சர் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம், என்ற அறிவிப்பும் வந்தது. சந்தோஷம்தான். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாமல் இருப்பதும், வாசல் மரத்தில் நாரை கூடு கட்டினால் கிளையைத் தொடாமல் விடுவதும் அரசாணை பார்த்து வந்த பழக்கம் இல்லை. திருப்புடைமருதூரும் அப்படித்தான். தாமிரபரணிக் கரையில் கோயிலை ஒட்டிய மருத மரங்களை ஊரே காத்து நின்றது. 2005-இல் அது பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஊர்மக்களோடு சேர்ந்து காக்கும் அந்த வகையில் நாட்டிலேயே முதலாவது அதுதான்.

என் கவலை மற்றக் குளங்களைப் பற்றியது. கூந்தன்குளத்தில் குஞ்சு பொரிக்கும் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் இரை தேடிப் போவது சுற்று வட்டாரக் குளங்களுக்கும் வயல்களுக்கும்தான். சில குளங்களில் கூடும் உண்டு. அங்கெல்லாம் சரணாலயப் பலகை கிடையாது. கோடையில் தண்ணீர் வற்றியதும் தூர்வார ஜேசிபி இறங்குகிறது. குஞ்சுகள் இறக்கை முற்றாமல் கூட்டில் இருக்கும் காலமும் அதுவே!

தூர்வார வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் விவசாயி, வயலுக்கு உரமாகும் கரம்பை மண்ணின் அருமை தெரியும். சீமைக்கருவேலம் ஒழிய வேண்டும் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதோடு சேர்த்து நாட்டுக்கருவேலத்தையும் வேரோடு பிடுங்கிவிடுகிறார்கள். தண்ணீருக்குள் நின்று தாங்குகிற மரம் அது, கூடு கட்ட ஏற்றது. இன்று நட்டால் கூடு தாங்க எத்தனையோ வருடம் ஆகும். வேறு மரம் இல்லாத குளத்தில் பறவைகள் சீமைக்கருவேலிலும் கூடு கட்டிவிடுகின்றன. அங்கே முதலில் நாட்டு மரத்தை வளர்த்துவிட்டு, அப்புறம் சீமையை எடுப்பதே முறை.

தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். எந்தக் குளத்தில் எந்தப் பறவை என்று அவர்களிடம் கேட்டாலே தெரியும். நீர்வளத்துறையும் ஊராட்சிகளும் டெண்டர் விடுமுன் அவர்களோடு ஒருமுறை குளத்தைச் சுற்றிப் பார்க்கட்டும். கூடு இருந்தால் குஞ்சுகள் பறக்கும்வரை அந்தப் பக்கம் வேலையை நிறுத்தி வைக்கட்டும். நாட்டுக்கருவேலம் நிற்கும் மண்திட்டுகளை அப்படியே விட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதட்டும். வரும் கோடைக்கு முன்பே மாவட்ட நிர்வாகம் இதற்கு உத்தரவு போட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மூலைக்கரைப்பட்டி